ஒலிம்பியாவாகப் படுத்திருந்தவர்: விக்டோரின் மெரான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு ஓவியர் மனேயின் ‘ஒலிம்பியா’ ஓவியத்தை முதல்முறை பார்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ‘யார் இந்தப் பெண்?’ அதற்கு நம் புத்தகங்கள் தரும் பதில் அரை வரி: ‘மனேயின் மாடல்’. மீதி வாழ்க்கையை வதந்திகள் நிரப்பின. குடித்துச் செத்தார், பிச்சை எடுத்தார், விலைமாது என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். அவர் 83 வயது வரை வாழ்ந்தார், அவரே ஓவியர். என்னிடம் பலர் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், விக்டோரின் யார்?

விக்டோரின்-லூயிஸ் மெரான். 1844 பிப்ரவரி 18 அன்று பாரிசில் பிறந்தவர். அப்பா வெண்கலச் சிலைகளுக்கு நிறமேற்றி மெருகு போடும் தொழிலாளி. அம்மா பெண்களுக்கான தொப்பி தைப்பவர். வசதியில்லாத வீடுதான், ஆனால் கைத்தொழில் தெரிந்த வீடு. பதினாறு, பதினேழு வயதில் ஓவியர்களுக்கு மாடலாக உட்காரத் தொடங்கினார். கிதார், வயலின் இரண்டும் வாசிப்பார், சொல்லிக்கொடுக்கவும் செய்தார். முப்பது வயதை ஒட்டித் தூரிகையைக் கையில் எடுத்தார். 1927 மார்ச் 17 அன்று காலமானார்.

ஆள் குட்டையாக, செம்பட்டைத் தலைமுடியோடு இருப்பார். அதனால் ‘இறால்’ என்று பட்டப்பெயர். நம்மூரில் ஒல்லியான பையனை ‘நெத்திலி’ என்று கூப்பிடுகிற மாதிரி.

மனேயா, மொனேயா? குழப்பமாக இருக்கிறதே.

உங்களுக்கு மட்டுமில்லை, பாரிஸ்காரர்களுக்கே குழம்பியது. எதுவார் மனே 1832இல் பிறந்தவர். விக்டோரினை வரைந்தவர் இவர்தான். குளோது மொனே இவரைவிட இளையவர், அல்லிக்குளம் வரைந்தவர். 1865இல் ஒரே கண்காட்சியில் இருவர் படங்களும் வந்தன. மொனேயின் கடல் காட்சிகளைப் பார்த்துவிட்டுச் சிலர் மனேயிடம் வந்து ‘பிரமாதம்’ என்று கை குலுக்க, மனேவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. யாரோ தன் பெயரை வைத்துப் பிழைக்கிறான் என்று நினைத்தாராம். பிறகு இருவரும் நண்பர்களானார்கள். இந்தக் கதையில் மொனே கடைசிப் பகுதியில் மறுபடி வருவார், பணத்தோடு.

அந்தக் காலத்தில் ‘மாடல்’ என்றால் என்ன வேலை?

அசையாமல் இருப்பதுதான் வேலை. கேட்க லேசாகத் தோன்றும். கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல், குளிர்காலத்தில் துணியில்லாமல், மணிக்கணக்கில் இருந்து பாருங்கள். அடுத்த நாள் வந்து அதே விரல் அதே இடத்தில் இருக்க வேண்டும். பத்து நாள் கழித்தும் அப்படியே.

பாரிசில் பிகால் சதுக்கத்து நீரூற்றைச் சுற்றி மாடல்களின் சந்தையே கூடும். வேலை தேடுகிறவர்கள் அங்கே வந்து நிற்பார்கள், ஓவியர்கள் பார்த்துப் பேசி அழைத்துப் போவார்கள். நம்மூரில் கொத்தனாரும் சித்தாளும் காலையில் கூலிக்குக் கூடி நிற்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய இந்தத் தொழிலில் இருந்தன. விக்டோரின் தொடங்கியது தோமா குதூரின் ஓவியக்கூடத்தில். குதூர் பெரிய வாத்தியார். மனேயும் அவரிடம் ஆறு வருடம் படித்தவர்தான். ஆனால் விக்டோரின் அங்கே வந்தபோது மனே படிப்பை முடித்துப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

அப்படியானால் மனே அவரை எங்கே சந்தித்தார்?

நீதிமன்ற மாளிகைக்குப் பக்கத்தில் கூட்டத்தில் தற்செயலாகக் கண்டார் என்று மனேயின் நண்பர் ஒருவர் எழுதினார். குதூரின் கூடத்து வழியாக அறிமுகம் என்போரும் உண்டு. எதுவாக இருந்தாலும் 1862இல் மனே அவரை வரையத் தொடங்கிவிட்டார். அவருக்கு முப்பது வயது, விக்டோரினுக்குப் பதினெட்டு.

அந்த வருடத்தில் நடந்த ஒன்றை மனேயின் பால்ய நண்பர் அந்தோனன் புரூஸ்த் எழுதி வைத்திருக்கிறார். இருவரும் தெருவில் நடந்துபோகும்போது, மலிவான ஒரு மதுக்கடையிலிருந்து ஒரு பெண் கையில் கிதாரோடு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறாள். மனே ஓடிப்போய் ‘எனக்கு மாடலாக வருகிறாயா?’ என்று கேட்கிறார். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள். ‘வராவிட்டால் போகட்டும், எனக்கு விக்டோரின் இருக்கிறாள்’ என்றாராம் மனே. அப்படிப் பிறந்ததுதான் ‘தெருப்பாடகி’. ஒரு கையில் கிதாரும் மஞ்சள் காகிதத்தில் பொதிந்த செர்ரிப் பழங்களும், இன்னொரு கை உதட்டுக்குப் பழத்தைக் கொண்டுபோகிறது. கண் மட்டும் எங்கேயோ இருக்கிறது. வேலை முடிந்து பசியோடு வெளியே வரும் ஒருத்தியின் களைப்பு அது. விக்டோரின் காபிக் கடைக் கச்சேரிகளில் பாடியும் சம்பாதித்தவர் என்பதால், இந்தக் கிதாரை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மனே அவரை எத்தனை படங்களில் வரைந்தார்?

சந்தேகமில்லாதவை என்று எட்டைச் சொல்லலாம். 1862இல் ஒரு சிறிய முகச்சித்திரம், ‘தெருப்பாடகி’, எருதுச் சண்டை வீரனின் உடுப்பில் ஒரு படம். 1863இல் ‘புல்வெளியில் மதிய உணவு’, ‘ஒலிம்பியா’. 1866 வாக்கில் ‘கிதார் வாசிப்பவர்’, கிளியோடு நிற்கும் ‘1866இன் இளம்பெண்’. நீண்ட இடைவெளிக்குப் பின் 1873இல் ‘ரயில்வே’. ‘குழலூதும் சிறுவன்’ முகத்திலும் விக்டோரின் சாயல் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த எட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். தெருப்பாடகி, எருதுச் சண்டைக்காரர், குளிக்க வந்தவள், விலைமாது, சீமாட்டி, குழந்தையோடு வந்த பெண். இது நடிகையின் வேலை. ஒவ்வொரு வேஷத்திலும் முகம் அதே முகம்; மனே அதை மறைக்க முயலவே இல்லை. விக்டோரினும்தான்.

‘புல்வெளியில் மதிய உணவு’ ஏன் அவ்வளவு சர்ச்சையானது?

முதலில் ‘சலோன்’ என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அரசு ஆதரவில் நடந்த அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சிக்கு அதுதான் பெயர். (முடிவெட்டும் சலூனும் இதுவும் ஒரே வேர்ச்சொல்.) அங்கே இடம் கிடைத்தால்தான் ஓவியருக்குப் பிழைப்பு. 1863இல் தேர்வுக்குழு ஆயிரக்கணக்கான படங்களைத் தள்ளிவிட, ஊரே கொந்தளித்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன், ‘தள்ளியதையும் தனியாக மாட்டுங்கள், ஜனங்களே பார்த்து முடிவு செய்யட்டும்’ என்றார். நிராகரிக்கப்பட்டவர்களின் அந்தக் கண்காட்சிக்குக் கூட்டம் சிரிக்கத்தான் வந்தது. அதிகம் சிரித்தது மனேயின் படத்தைப் பார்த்து.

காட்டில் இரண்டு ஆண்கள், இருவரும் கோட்டு சூட்டோடு. பக்கத்தில் துணியில்லாமல் விக்டோரின், நேராக நம்மைப் பார்க்கிறார். ஆண்களில் ஒருவர் மனேயின் மைத்துனர் ஃபெர்டினான்டு லீன்ஹாஃப். உடைகளும் பழக்கூடையும் ஓரத்தில் சிதறிக் கிடக்கின்றன. அதே 1863இல் கபனெல் என்ற ஓவியர் வரைந்த ‘வீனசின் பிறப்பு’ம் நிர்வாணப் படம்தான். அதைப் பேரரசரே காசு கொடுத்து வாங்கினார். காரணம், அது தேவதை. கழற்றிப்போட்ட உடை பக்கத்தில் கிடந்தால் அது தேவதை இல்லை, பாரிஸ்காரி. சங்கடம் அங்கேதான் வந்தது.

‘ஒலிம்பியா’வில் என்ன இருக்கிறது? ஏன் அப்படித் திட்டினார்கள்?

நிதானமாகச் சொல்ல வேண்டிய கேள்வி இது.

படம் கிட்டத்தட்ட 130 சென்டிமீட்டர் உயரம், 190 சென்டிமீட்டர் அகலம். தலையணையில் சாய்ந்து படுத்திருக்கிறார் விக்டோரின். முடியில் ஒரு பூ, கையில் காப்பு, கழுத்தில் மெல்லிய கறுப்பு நாடா. காலில் வீட்டுச் செருப்பு, ஒன்று கழன்றிருக்கிறது. இடது கை தொடைமேல் அழுந்தி இருக்கிறது, விரல்கள் விறைப்பாக. பின்னால் பணிப்பெண் காகிதத்தில் சுற்றிய பூங்கொத்தை நீட்டுகிறாள். யாரோ வாடிக்கையாளர் கொடுத்தனுப்பியது போலிருக்கிறது. ஒலிம்பியா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு கறுப்புப் பூனை முதுகை வளைத்து, வாலைத் தூக்கி நிற்கிறது.

மனே மனதில் வைத்திருந்தது இத்தாலிய ஓவியர் திசியானின் ‘அர்பினோவின் வீனஸ்’, 1538இல் வரைந்தது. அதில் கால்மாட்டில் நாய்க்குட்டி தூங்கும். இங்கே பூனை சீறுகிறது. அதில் வீனஸ் தலையைச் சாய்த்து இதமாகப் பார்க்கிறாள். இங்கே விக்டோரின் பார்ப்பது, கதவைத் திறந்து உள்ளே வந்தவனை ‘என்ன வேண்டும்?’ என்று கேட்கிற பார்வை. படத்துக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு கனவானும் அந்த வந்தவனாக மாறிவிடுகிறான். மனைவியோடு கண்காட்சிக்கு வந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? ‘ஒலிம்பியா’ என்பதே அன்றைய பாரிசில் விலைமாதர்கள் வைத்துக்கொள்ளும் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

1863இல் வரைந்ததை மனே 1865இல்தான் சலோனுக்கு அனுப்பினார். பத்திரிகைகள் கிழித்தன. ஜூல் கிளார்தி என்ற விமர்சகர், எங்கிருந்தோ பொறுக்கி வந்த கேவலமான மாடல் என்றும் மஞ்சள் வயிற்றுக்காரி என்றும் எழுதினார். இன்னொருவர் பெண் கொரில்லா என்றார். பிணம் மாதிரி இருக்கிறாள் என்றவர்களும் பலர். படத்துக்குக் காவலாளிகள் நிறுத்தப்பட்டார்கள். கடைசியில் கழற்றி, கடைசி அறையின் பெரிய கதவுக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் மாட்டினார்கள். சதையா சலவைத் துணி மூட்டையா என்றே தெரியாத உயரம் என்று அதற்கும் கேலி.

இந்த வசவுகளைத் திரும்பப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். மனேயைத் திட்டியது அவருடைய தூரிகையை. விக்டோரினைத் திட்டியது அவருடைய வயிறு, தோல், கை, கால் எல்லாவற்றையும். மனே தன் நண்பரான கவிஞர் போதலேருக்குக் கடிதம் எழுதித் தன் மேல் வசை ஆலங்கட்டி மழையாகப் பொழிகிறது என்று புலம்பினார். விக்டோரின் யாரிடம் புலம்பியிருப்பார்? வயது இருபத்தொன்று.

அந்தப் பணிப்பெண் யார்?

அவர் பெயர் லோர். குடும்பப் பெயர் கிடைக்கவில்லை. மனேயின் குறிப்பேட்டில் ‘லோர், மிக அழகான கறுப்பினப் பெண், வேன்தீமீ தெரு, 11ஆம் எண், மூன்றாம் மாடி’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. விக்டோரினையாவது திட்டுவதற்காகப் பார்த்தார்கள். லோரை நூறு வருடங்களுக்கு மேல் யாரும் பார்க்கவே இல்லை. 2019இல் பாரிசின் ஆர்சே அருங்காட்சியகம் கறுப்பின மாடல்களைப் பற்றிய கண்காட்சி வைத்தபோது, அது நடந்த நாட்கள் வரை ‘ஒலிம்பியா’வுக்கு ‘லோர்’ என்று பெயர் மாற்றி மாட்டியது.

விக்டோரின் உண்மையிலேயே விலைமாதா? மனேயின் காதலியா?

இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. ராஜா வேஷம் கட்டியவரை யாரும் ராஜா என்று நம்புவதில்லை. விலைமாது வேஷம் கட்டிய பெண்ணை மட்டும் உடனே நம்பிவிட்டார்கள்.

கழுத்தில் அந்தக் கறுப்பு நாடா ஏன்?

1862இன் சிறிய முகச்சித்திரத்திலும் கறுப்பு நாடா இருக்கிறது, தலையில் நீல ரிப்பனோடு. ‘ஒலிம்பியா’வில் இருக்கிறது. பதினொரு வருடம் கழித்து ‘ரயில்வே’யிலும் இருக்கிறது. அக்காலப் பெண்கள் சாதாரணமாகக் கட்டிக்கொண்டதுதான். உடம்பில் வேறெதுவும் இல்லாதபோது மட்டும் அது கண்ணை உறுத்துகிறது.

‘ரயில்வே’ படத்தில் ரயிலே இல்லையே?

புகை இருக்கிறது. பாரிசின் சேன்-லசார் ரயில் நிலையத்தின் இரும்புக் கம்பி வேலி, அதற்கு அப்பால் வெள்ளைப் புகை, அவ்வளவுதான். நம்மவர்கள் இந்தப் படத்தை அதிகம் கண்டுகொள்வதில்லை; எனக்கு எட்டிலும் பிடித்தது இது.

கறுநீல உடையில் விக்டோரின் வேலியடியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு நாய்க்குட்டி தூங்குகிறது. கையில் திறந்த புத்தகம்; படித்துக்கொண்டிருந்தவர் யாரோ வந்த சத்தத்தில் நிமிர்ந்த மாதிரி பார்க்கிறார். விரல் பக்கத்துக்கிடையில் இருக்கிறது, விட்ட இடம் தவறிவிடாமல். பக்கத்தில் ஒரு சிறுமி நமக்கு முதுகைக் காட்டி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு புகையை வேடிக்கை பார்க்கிறாள். மனேயின் நண்பரான ஓவியர் அல்போன்ஸ் இர்ஷின் மகள் அவள். வரைந்ததும் அவருடைய தோட்டத்தில்தான். 1874 சலோனில் இது வைக்கப்பட்டது. இதுதான் மனேவுக்கு விக்டோரின் கடைசியாக உட்கார்ந்த படம். ‘ஒலிம்பியா’வின் அதே பார்வை, பத்து வயது கூடியிருக்கிறது. இங்கே யாரும் எதுவும் வாங்க வரவில்லை.

அவரே ஓவியர் என்கிறீர்களே?

ஆமாம். அதுவும் பொழுதுபோக்குக்கு வரைந்தவர் இல்லை. அரசுக் கலைப்பள்ளி பெண்களைச் சேர்த்ததே 1897இல்தான். அதற்கு முன்பு படிக்க வேண்டுமென்றால் காசு கட்டித் தனியாரிடம் போக வேண்டும். விக்டோரின் எத்தியேன் லெருவா என்ற ஓவியரிடம் கற்றார், பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஜூலியன் அகாதமியிலும் படித்தார். பாட்டுச் சொல்லிக்கொடுத்தும் மாடலாக உட்கார்ந்தும் வந்த காசு இதில் போயிருக்கும்.

1876இல் தன் உருவத்தைத் தானே வரைந்து சலோனுக்கு அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். அதே வருடம் மனே அனுப்பிய படங்களைத் தேர்வுக்குழு தள்ளிவிட்டது! மனே தன் ஓவியக்கூடத்தையே திறந்துவிட்டு, ‘வந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஊரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. 1879இல் விக்டோரினின் ‘பதினாறாம் நூற்றாண்டு நியூரம்பெர்க் சீமாட்டி’ சலோனில் மாட்டப்பட்டது, மனேயின் படம் இருந்த அதே அறையில். மாடலும் ஓவியரும் ஒரே சுவர்களுக்குள், இரண்டு பேரும் ஓவியர்களாக. மொத்தம் ஆறு முறை சலோனில் இடம் பிடித்தார். கடைசி முறை 1904இல், அறுபது வயதில். அதற்கு முந்தைய வருடம் பிரெஞ்சு ஓவியர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பரிந்துரைத்தவர்களில் தோனி ரொபேர்-பிளெரி போன்ற பெரிய பெயர்கள் இருந்தன.

மனே மாதிரி வரைந்தாரா?

இல்லை, நேர் எதிர். வழவழப்பான, பழைய மரபுப்படியான ஓவியம், வரலாற்றுக் காட்சிகள். புதுமையின் முகமாக இருந்தவர் பழைய பாணிக்குப் போய்விட்டாரே என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. மனே வசதியான வீட்டுப் பிள்ளை. அப்பா நீதித்துறை அதிகாரி. நாலு வருடம் படம் விற்காவிட்டாலும் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. விக்டோரினுக்கு விற்றாக வேண்டும். வாங்குகிறவர்கள் கேட்டது வழவழப்பை. போதாக்குறைக்கு, புதுமை ஓவியம் ஒரு பெண்ணின் உடம்பை என்ன பாடு படுத்தும் என்று 1865இல் நேரில் அனுபவித்தவர் அவர்.

மனே இறந்த பிறகு கடிதம் எழுதினாராமே?

எழுதினார். மனே 1883 ஏப்ரல் 30 அன்று இறந்தார். அந்தக் கோடையில் மனேயின் மனைவி சுசானுக்கு விக்டோரின் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. சாரம் இதுதான்: உங்கள் கணவருக்கு நான் பல படங்களுக்கு உட்கார்ந்தேன், முக்கியமாக ‘ஒலிம்பியா’வுக்கு. படங்கள் விற்றால் எனக்கும் ஏதாவது தருவதாக அவர் பலமுறை சொன்னார். அப்போது எனக்குச் சின்ன வயது, கவலையில்லாமல் இருந்தேன். பிறகு அமெரிக்கா போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் கொடுக்க முன்வந்தார். நான்தான் வேண்டாமென்றேன், இனி மாடலாக உட்கார முடியாது என்ற நிலை வரும்போது நானே ஞாபகப்படுத்துகிறேன் என்றேன். அந்த நாள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது.

வயதான அம்மாவைத் தான் மட்டுமே பார்த்துக்கொள்வதாகவும் அதில் எழுதியிருக்கிறார். கெஞ்சல் இல்லாத கடிதம். வாக்குக் கொடுத்ததை, உரியவர் வீட்டில் போய் மரியாதையாகக் கேட்கிறார்.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். 1890இல் ‘ஒலிம்பியா’ அமெரிக்காவுக்குப் போய்விடக்கூடாது என்று மொனே வீடு வீடாகக் கடிதம் எழுதி, நண்பர்களிடம் கிட்டத்தட்ட 20,000 பிராங்க் திரட்டினார். சுசானிடமிருந்து அதை வாங்கிப் பிரெஞ்சு அரசுக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நேரத்தில் படத்தில் படுத்திருந்தவர் அதே ஊரில் வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தார். 1907இல் ‘ஒலிம்பியா’ லூவ்ர் அரண்மனைக்குள் போனது. அப்போதும் விக்டோரின் உயிரோடுதான் இருந்தார்.

குடித்து அழிந்தார், குரங்கோடு பிச்சை எடுத்தார் என்று படித்திருக்கிறேனே?

நானும் படித்திருக்கிறேன். கிதாரும் கையுமாகக் குரங்கோடு மதுக்கடை வாசல்களில் நின்றார், குடித்தே செத்தார் என்று இருபதாம் நூற்றாண்டின் முன்பாதியில் எழுதியவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். 1890களில் அவர் சிரமப்பட்டிருக்கலாம். மாடலாக உட்கார்ந்து பிழைத்த பெண்ணுக்கு ஐம்பது வயதில் வேறென்ன வழி? ஓவியர் துலூஸ்-லொத்ரெக் தன் நண்பர்களை அவர் வீட்டுக்கு அழைத்துப்போய், ‘இவர்தான் ஒலிம்பியா’ என்று அறிமுகப்படுத்தினார் என்றும் சொல்வார்கள்.

ஆனால் குடித்துச் சீக்கிரம் செத்தவர் 1904இல் எப்படி சலோனில் படம் வைத்தார்? 1980களில் ஓர் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியை பழைய பதிவேடுகளைத் தேடிப்போன பிறகுதான் இந்தக் கதை ஆட்டம் கண்டது. பதிவேட்டைப் போய்ப் புரட்டிப் பார்க்க நூறு வருடம் யாருக்கும் தோன்றவில்லை.

முதுமையில் எங்கே, யாரோடு இருந்தார்?

பாரிசுக்கு வடமேற்கே கொலோம்ப் என்ற புறநகரில். 1906 வாக்கில் மரி துஃபூர் என்ற தோழியோடு அங்கே குடியேறினார். சாகும்வரை, இருபது வருடம், இருவரும் ஒன்றாக வாழ்ந்தார்கள். என்ன உறவு என்று பலரும் கேட்கிறார்கள். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், வாடகையும் வயோதிகமும் பகிர்ந்துகொண்டார்கள் என்பதற்கு மேல் நான் எதையும் இட்டுக்கட்டப் போவதில்லை. எண்பது வயதுக்குப் பிறகும் தன்னை ‘ஓவியர்’ என்றே சொல்லிக்கொண்டார்.

1930இல் மரி துஃபூரும் இறந்த பிறகு வீட்டுச் சாமான்களை அப்புறப்படுத்தினார்கள். வயலினையும் அதன் பெட்டியையும் போட்டு எரித்ததை அக்கம்பக்கத்தார் நினைவு வைத்திருந்தார்கள்.

அவர் வரைந்த படங்கள் மிஞ்சியிருக்கின்றனவா?

வெகு சில. குருத்தோலை ஞாயிறைக் குறிக்கும் ஓவியம் ஒன்று 2004இல் வெளிப்பட்டு கொலோம்ப் அருங்காட்சியகத்துக்கு வந்தது: பக்கவாட்டில் ஓர் இளம்பெண், கையில் குருத்தோலை. அதுவரை ‘விக்டோரினும் வரைந்தாராம்’ என்ற பேச்சுதான், காட்ட எதுவும் கையில் இல்லை. அப்புறம் 1876 வாக்கில் அவர் தன்னையே வரைந்த ஒரு சிறிய படம் வெளியே வந்தது. 2021இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அதை வாங்கிவிட்டது. ஒரு நாயின் உருவப்படமும் உண்டு. சலோனில் வைத்த நியூரம்பெர்க் சீமாட்டி இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்தப் படங்களை எங்கே பார்க்கலாம்?

‘ஒலிம்பியா’வும் ‘புல்வெளியில் மதிய உணவு’ம் பாரிசின் ஆர்சே அருங்காட்சியகத்தில். ‘ஒலிம்பியா’ 2023இல் முதல்முறையாக அமெரிக்காவுக்கு, நியூயார்க் கண்காட்சிக்குப் போய்வந்தது. கிளியோடு இருக்கும் படமும் எருதுச் சண்டை உடுப்புப் படமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில். ‘ரயில்வே’ வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில்.

பாஸ்டன் போக வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். ‘தெருப்பாடகி’, 1862இன் முகச்சித்திரம், விக்டோரின் தன்னையே வரைந்தது மூன்றும் அங்கே ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பதினெட்டு வயதில் மனே பார்த்த முகத்தையும், முப்பது தாண்டி அவரே கண்ணாடியில் பார்த்த முகத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

பாரிஸ் போகிறவர்கள் கொலோம்புக்கும் ஒரு நடை போய்வரலாம். அருங்காட்சியகம் சின்னது, திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் சேன்-லசார் நிலையத்திலிருந்து கிளம்புகிறது.